டெம்பரேச்சர் முள் நிற்காமல் ஆடுகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

லாரிப் பட்டறைக்கு வரும் புகார்களில் வீண் செலவு அதிகம் இழுத்துவிடுவது இதுதான்: "அண்ணே, டெம்பரேச்சர் முள் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ஏறுது, இறங்குது." உடனே சென்சாரை மாற்றுவார்கள். அடுத்த வாரம் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றி வீசுவார்கள். அப்புறம் ரேடியேட்டர் கழுவப் போகும். மூன்றும் முடிந்து, வண்டி லோடு ஏற்றிக்கொண்டு சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் ஏறும்போது முள் பழையபடி ஆடும்.

நாமக்கல் பக்கம் டீசல் லாரிகளில் கை வைத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முள் ஆடுகிறது என்பது மட்டும் போதாது. எப்போது ஆடுகிறது, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று டிரைவரிடம் கேட்டாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் டிரைவரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். சமவெளியிலா, ஏற்றத்திலா? டோல்கேட்டில் நிற்கும்போதா? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? தண்ணீர் குறைகிறதா? கடைசியாக என்ன வேலை பார்த்தார்கள்?

ஒரு எச்சரிக்கை. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 1 பார் அழுத்த மூடி போட்ட வண்டியில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகி அழுத்தம் போன நொடியே அது கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் தப்ப முடியாது. மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், வெறுங்கையால் தொட்டுப் பிடிக்க முடிய வேண்டும். அதுவரை காத்திருங்கள்.

முதலில் தெரிய வேண்டியது: ஆடுவது முள்ளா, தண்ணீரின் சூடா?

இதற்குத் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி (லேசர் துப்பாக்கி என்பார்கள்) ஒன்று போதும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அடித்தால் அது பொய் சொல்லும். அதனால் தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அடியுங்கள். ஒருவர் கேபினில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கட்டும், இன்னொருவர் துப்பாக்கியைப் பார்க்கட்டும். முள் கால் பங்கு தூரம் ஆடும்போது துப்பாக்கியில் எண் அப்படியே நின்றால், தண்ணீர் பக்கம் பழுது இல்லை. வயரிங் பக்கம் போங்கள். எண்ணும் கூடவே ஏறி இறங்கினால் சூடு உண்மையாகவே மாறுகிறது.

எல்லா ஆட்டமும் பழுது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான டீசல் லாரிகளில் தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி, 95 டிகிரி வாக்கில் முழுதாகத் திறக்கும். அந்த இடைவெளிக்குள் முள் கொஞ்சம் நகரத்தான் செய்யும். ஏற்றத்தில் கொஞ்சம் ஏறி, ஃபேன் 'ஹோ'வென்று இரையத் தொடங்கியதும் இறங்கினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு வரும்போது இன்ஜினில் டீசல் எரிவதே இல்லை, அதனால் முள் லேசாக இறங்குவதும் இயல்பு.

முள் வெடுக்கென்று குதிக்கிறது

ஒரு நொடியில் நடுவிலிருந்து எச் (ஹாட், சூடு) பக்கம் தாவி, அடுத்த நொடி திரும்பி வருகிறதா? பெரிய லாரியில் இருபது லிட்டருக்கு மேல் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சுற்றுகிறது. அவ்வளவு தண்ணீர் ஒரு நொடியில் சூடாகி ஆற முடியாது. இது பெரும்பாலும் கரண்ட் பழுது.

இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள், இண்டிகேட்டரைப் போடுங்கள், ஹாரன் அடியுங்கள். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரியும் தாளத்துக்கு முள்ளும் துடித்தால் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லை. டீசல் மீட்டர் முள்ளும் சேர்ந்து ஆடினால் சென்சாரை மறந்துவிடுங்கள். மீட்டர் போர்டுக்கு வரும் சப்ளையோ அதன் எர்த்தோ லூஸ். பழைய வண்டிகளில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும், அது போனாலும் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஆடும்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும், மறுமுனையை பேட்டரி மைனஸ் முனையிலும் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும், லைட் எல்லாம் எரியட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் இல்லாத இரும்பில் இறுக்குங்கள்.

ஒற்றை வயர் சென்சார் உள்ள வண்டி என்றால், சென்சாரைத் திருகும் மரையைப் பாருங்கள். தண்ணீர் கசியக்கூடாது என்று யாரோ டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருப்பார்கள். அந்த சென்சாருக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப் அதை மறைத்துவிடும். வண்டி அதிரும்போது எர்த் வரும், போகும். புதுச் சென்சார் போட்ட பிறகு ஆட்டம் தொடங்கியது என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதே ஒற்றை வயர் வண்டியில் இன்னொரு சோதனை. சாவியை ஆன் செய்து சென்சார் வயரைப் பிடுங்கினால் முள் சி (கோல்டு, குளிர்ச்சி) பக்கம் போய் நிற்க வேண்டும். வயரை ஒரு கணம் பாடியில் தொட்டால் எச் பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் சரி, சென்சாரைப் பாருங்கள். வயர் பிடுங்கியிருக்கும்போதே முள் ஆடினால் வயர் எங்கோ உரசி, பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலும், கேபின் தூக்கி இறங்கும் மடிப்பிலும் தேடுங்கள்.

பி.எஸ்.4, பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புதிய தலைமுறை) வண்டிகளில் இப்படி வயரைப் பாடியில் தொடும் வேலை வேண்டாம். சென்சார் வயர் ஈ.சி.யு.வுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போகிறது, முள்ளை ஓட்டுவது ஈ.சி.யு. அனுப்பும் தகவல். ஸ்கேனரைப் போட்டு கூலன்ட் டெம்பரேச்சரை நேரலையாகப் பார்த்துக்கொண்டே கனெக்டரை மெல்ல ஆட்டுங்கள். எண் தாவினால் பின் தளர்ந்திருக்கிறது அல்லது பச்சை பூத்திருக்கிறது. ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டில் எஸ்.பி.என் எந்த அளவு என்று சொல்லும், எஃப்.எம்.ஐ என்ன வகைப் பிழை என்று சொல்லும். லாரிகளில் வரும் எஸ்.பி.என் 110 என்பது கூலன்ட் சூட்டுக்கான எண். அதோடு எஃப்.எம்.ஐ 3 அல்லது 4 வந்தால் வோல்டேஜ் பிழை, அதாவது வயரிங்கும் சென்சாரும். எஃப்.எம்.ஐ 0 வந்தால் சூடு நிஜமாகவே எல்லை தாண்டியிருக்கிறது. இந்த ஒரு எண் வித்தியாசத்தைப் பார்க்காமல் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை அனுப்பக்கூடாது.

சென்சாரைக் கழற்றிப் பார்ப்பதானால் சுடுதண்ணீரில் போட்டு ஓம் அளந்து பாருங்கள். ஈ.சி.யு. வகைச் சென்சார்கள் பலவும் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டி, 80 டிகிரியில் 300 ஓம் வாக்கில் வந்து நிற்கும். மீட்டர் வகைச் சென்சார்களின் எண்கள் வேறு. எந்த வகையானாலும் சூடு ஏற ஏற ஓம் வழுக்கிக்கொண்டு குறைய வேண்டும். நடுவில் தாவினால் சென்சார் போய்விட்டது.

முள் திடீரென்று சி பக்கம் விழுந்து, பிறகு மளமளவென்று ஏறுகிறது

எல்லாவற்றிலும் நான் பயப்படுவது இந்த அறிகுறிக்குத்தான். டிரைவர், "அப்பாடா, சூடு குறைஞ்சிடுச்சு" என்று நினைத்து ஓட்டுவார். நடந்தது வேறு. தண்ணீர் குறைந்து சென்சார் முனை காற்றில் தொங்குகிறது. தண்ணீரில் முங்கியிருந்தால்தான் அது சூட்டைச் சரியாகக் காட்டும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது வெளியே முள் குளிர்ச்சியைக் காட்டும். முள் காரணமில்லாமல் விழுந்தால், ஏறினால் எப்படியோ அப்படியே வண்டியை ஓரம் கட்டுங்கள்.

சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் வெறும் ஏர் லாக்காக (உள்ளே காற்று அடைத்துக்கொள்வது) இருக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஏர் விடும் திருகு இருந்தால் அதையும் லூஸ் செய்து, மெல்ல மெல்ல ஊற்றுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். இன்ஜினை ஓட விட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை பொறுத்து, ஆறவிட்டு மறுபடி நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டில் ஆடும் குட்டி ஊசி ஒன்று இருக்கும். காற்று வெளியேறும் வழி அது. மாட்டும்போது அது மேல் பக்கம் வர வேண்டும். கீழ்ப் பக்கம் வைத்து மாட்டிவிட்டு நாள் முழுக்க ஏர் எடுத்தவர்கள் உண்டு.

நிரப்பிய நாலு நாளில் மறுபடி காற்று சேர்ந்தால், அது எங்கிருந்தோ உள்ளே வருகிறது. வழிகள் மூன்று: கீழ் ஹோஸ் கிளாம்ப் வழியாக வாட்டர் பம்ப் உறிஞ்சும் காற்று, சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) வழியாக வரும் எரிந்த வாயு, ஏர் பிரேக் கம்ப்ரஸர். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பெரிய லாரிகளில் பலவற்றில் ஏர் கம்ப்ரஸரின் ஹெட்டைக் குளிர்விப்பதும் இன்ஜின் கூலன்ட்தான். அந்த ஹெட்டில் கீறல் விழுந்தாலோ அதன் கேஸ்கெட் எரிந்தாலோ, டேங்குக்குப் போக வேண்டிய காற்று கூலன்ட்டுக்குள் புகுந்துவிடும். ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி என்னிடம் இப்படித்தான் வந்தது. வேறிடத்தில் இரண்டு முறை ஹெட் இறக்கி கேஸ்கெட் மாற்றியும் குமிழி நிற்கவில்லை. காலையில் ஏர் டேங்குகள் காலியாக இருக்கும்போது, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். டார்ச்சை அடித்துப் பார்த்தால் கூலன்ட்டின் மேல்பரப்பில் சோடாவைக் கிளாஸில் ஊற்றியது போல் பொடிப்பொடியாகக் குமிழி. ஏர் மீட்டர் ஏற ஏற அது வந்துகொண்டே இருந்தது. 8 பார் பக்கம் போனதும் கவர்னர் (போதிய அழுத்தம் வந்ததும் கம்ப்ரஸரை லோடிலிருந்து விடுவிக்கும் வால்வு) 'புஸ்' என்று விட்டது. அந்தச் சத்தத்தோடு குமிழியும் நின்றது. பரப்பு அப்படியே தெளிந்துவிட்டது.

டிரைவரைப் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை மிதிக்கச் சொன்னேன். காற்று குறைந்து கம்ப்ரஸர் மறுபடி லோடு எடுத்ததும் குமிழி மறுபடி வந்தது. சந்தேகமே இல்லை. கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் அறைக்கும் காற்று வெளியேறும் வழிக்கும் நடுவில் கேஸ்கெட் கறுத்து அறுந்து கிடந்தது. அரை நாள் வேலை. அதற்கு முன்னால் செலவழித்த பணத்தை நினைத்து அந்த வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்தச் சோதனைக்குச் சக்கரத்துக்குக் கட்டை போட மறக்காதீர்கள். கூடவே ஏர் டேங்கின் டிரெயின் காக்கைத் திறந்து பாருங்கள். வெறும் ஈரமும் எண்ணெயும் வந்தால் சரி; கூலன்ட் நிறத்தில் தண்ணீர் வந்தால் கம்ப்ரஸரே குற்றவாளி.

கவர்னர் விட்ட பிறகும் குமிழி நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம் போகலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல் போல் இறுகினால் அது வாயுவின் அழுத்தம். கேஸ் சோதிக்கும் நீலத் திரவம் பட்டறையில் இருந்தால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பாருங்கள். நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் கேஸ்கெட், ஹெட் கீறல், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) இந்த மூன்றில் ஒன்று. ஐடிலில் ஒன்றும் தெரியாமல் லோடில் மட்டும் வாயு விடும் வண்டிகளும் உண்டு, அதனால் ஒரு ஓட்டம் ஓட்டி வந்தும் பாருங்கள். ஈ.ஜி.ஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) உள்ள வண்டியில் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் அந்தக் கூலரையும் அழுத்தச் சோதனை செய்துவிட்டுத்தான் ஹெட்டைத் தொட வேண்டும்.

சமவெளியில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது, ஒரே தாளத்தில்

இங்கேதான் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகப்படலாம். ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கும், திறந்ததும் ரேடியேட்டரில் ஆறிக் கிடந்த தண்ணீர் மொத்தமாக உள்ளே வரும், முள் விழும், மறுபடி மூடும்.

கழற்றிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும் முன் முழுதாகத் திறக்க வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிடும்போது சிக்காமல் மூடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். மூன்றாவது தடவையில் ஒட்டிக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழுது என்றால் புதிது போடுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறிவதை மட்டும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெரும்பாலான லாரி தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறப்பது ஒன்று; அதே நேரத்தில் அடியில் உள்ள தட்டால் பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் வழி) அடைப்பது இன்னொன்று. கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும் நேரத்தில் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பும். சமவெளியில் ரொம்பக் குளிர்ச்சி, ஏற்றத்தில் ரொம்பச் சூடு என்று முள் இன்னும் மோசமாக ஆடும். குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் டீசல் முழுதாக எரியாமல் லைனர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும், ஆயிலோடு கலக்கும், மைலேஜும் குறையும். முள் எவ்வளவு ஓடியும் நடுவுக்கு வராமல் சி பக்கமே கிடந்தால், முன்பு யாரோ கழற்றிவிட்டார்களா என்று முதலில் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள்.

ஏற்றத்திலும் லோடிலும் மட்டும் ஏறுகிறது

சூட்டை வெளியே தள்ளும் வேலை குறைந்திருக்கிறது. வெளிப்பக்க அடைப்பிலிருந்து தொடங்குங்கள். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் முன்னால் இருப்பது இன்டர்கூலர், டர்போ அனுப்பும் காற்றை ஆற்றுவது. ரேடியேட்டர் அதற்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில்தான் குப்பை சேரும். கோழித் தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றும் வண்டி ஒன்றில் இரண்டையும் பிரித்தபோது, சோளத் தூசும் பூச்சியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு விரல் தடிமனுக்கு ஒட்டியிருந்தது. கையால் பிடித்து உரித்தால் பாய் போல மொத்தமாக வந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் வேறு வேலையே தேவைப்படவில்லை. கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், அழுத்தத்தைக் குறைத்து, நேராக. சாய்த்து அடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

வெளிப்பக்கம் சுத்தம் என்றால் உள்பக்கம். இன்ஜின் சூடாக இருக்கும்போது துப்பாக்கியால் ரேடியேட்டர் முகம் முழுக்கக் கோடு போட்டது போல் அளந்து வாருங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாக ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டிகளுக்கு இது வராமல் இருக்காது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், கெட்டிலில் படிவது போலவே ரேடியேட்டர் குழாயிலும் சென்சார் முனையிலும் படியும். வண்டி கம்பெனி சொல்லும் வகைக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். வெவ்வேறு வகைக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம்.

டோல்கேட்டில் ஏறி, ஓடும்போது இறங்குகிறது

ஃபேன். வண்டி ஓடும்போது எதிர்காற்று குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன் கைவிடுகிறது. விஸ்கஸ் ஃபேனாக (உள்ளிருக்கும் எண்ணெயின் பிடிப்பால் சுற்றும் ஃபேன்) இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு, சூடாக இருக்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். நல்லது இழுத்துப் பிடிக்கும். தாராளமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. நடுவில் எண்ணெய் ஒழுகிய கறையும் தெரியும். பெல்ட் பளபளத்துத் தேய்ந்திருக்கிறதா, ஃபேன் கவர் உடைந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

வேகத்தில் ஏறி, ஐடிலில் இறங்குகிறது

கீழ் ஹோஸைப் பாருங்கள். ஒருவர் ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்க, கீழ் ஹோஸ் சப்பையாக உள்ளே ஒட்டினால், பம்பின் உறிஞ்சலைத் தாங்க அதற்கு வலு இல்லை, அல்லது உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்துப் போய்விட்டது. ஓடும்போது சரியாக இருந்து, வண்டி ஆறும்போது மட்டும் ஹோஸ் ஒட்டினால் ரேடியேட்டர் மூடியின் வாக்குவம் வால்வு பழுது. மூடியை மாற்றினால் போதும். ஹோஸ் நன்றாக இருந்தால் வாட்டர் பம்ப். அதன் அடியில் உள்ள சின்னத் துளையில் கூலன்ட் கறை இருந்தால் சீல் போய்விட்டது. கறை இல்லாமலே இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அரித்தோ ஷாஃப்டில் வழுக்கியோ போயிருக்கலாம், அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

வழியில் சிவப்புக்குப் போய்விட்டால்

கூலன்ட் இருக்கிறது, ஏற்றத்தால் மட்டும் சூடு ஏறியது என்றால் ஓரம் கட்டி, ஏ.சி.யை அணைத்து, இன்ஜினை ஐடிலில் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். சட்டென்று அணைத்தால் சுற்றிக்கொண்டிருக்கும் தண்ணீர் நின்று ஹெட் இன்னும் சூடாகும். கூலன்ட் கொட்டிப் போயிருந்தாலோ ஹோஸ் வெடித்திருந்தாலோ உடனே அணையுங்கள். குடத்தில் பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கும் இன்ஜினில் ஊற்றினால் ஹெட்டில் கீறல் விழும். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, ஆறும்வரை உட்காருங்கள்.

வேலை முடிந்ததும் வண்டியைப் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். எந்த ஏற்றத்தில் ஆடியதோ அதே ஏற்றத்தில், அதே லோடோடு ஒரு முறை போய் வரச் சொல்லுங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்கில் கூலன்ட் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். தொடர்ந்து மூன்று நாள், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிரைவர் அந்தக் கோட்டைப் பார்த்து போனில் சொல்லட்டும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் வண்டி திரும்பி வரட்டும், பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கசிவைத் தேடலாம்.